இரண்டு கப்பல், ஒரே மனிதர்!

கிரிக்கெட்டிலும் ஹாக்கியிலும் இந்தியாவுக்காக ஆடிய எம்.ஜே.கோபாலன் வரலாறு

1936-ம் ஆண்டு பிறந்தது. சென்னையில் ஓர் ஆட்டக்காரருக்கு முன்னால் இரண்டு பாதைகள் தெரிந்தன.

ஒரு பாதை பெர்லின் நகருக்குப் போவது. ஜெர்மனியின் தலைநகரான பெர்லினில் அந்த ஆண்டு ஒலிம்பிக் பந்தயம். இந்திய ஹாக்கி அணி அங்கே ஆடப் போகிறது. 1928-லும், 1932-லும் தங்கப் பதக்கம் வென்ற அணி அது. தியான் சந்த் அதன் தலைவர். இந்திய ஹாக்கியை வெல்ல உலகத்தில் ஆள் இல்லை என்று எல்லோரும் நம்பிய காலம்!

இன்னொரு பாதை இங்கிலாந்துக்குப் போவது. இந்தியக் கிரிக்கெட் அணி அங்கே சென்று இங்கிலாந்துடன் மூன்று டெஸ்ட் ஆட்டங்கள் ஆட இருந்தது. கிரிக்கெட் பிறந்த மண்ணில் ஆடுவது எந்த ஆட்டக்காரருக்கும் பெரிய கனவு.

இரண்டும் ஒரே கோடை காலத்தில்! ஹாக்கிக் கப்பலில் ஏறினால் கிரிக்கெட் இல்லை. கிரிக்கெட் கப்பலில் ஏறினால் ஹாக்கி இல்லை.

இப்படி ஒரு சங்கடம் எத்தனை பேருக்கு வரும்? ஒரே ஓர் ஆட்டத்தில் நாட்டுக்காக ஆடவே ஆயிரம் பேர் தவம் கிடக்கிறார்கள். இவருக்கோ இரண்டு ஆட்டங்கள்!

அவர்தான் எம்.ஜே.கோபாலன். அவர் எந்தக் கப்பலில் ஏறினார்? அதனால் பெற்றது என்ன? இழந்தது என்ன?

மொறப்பாக்கத்துப் பிள்ளை

பழைய செங்கற்பட்டு ஜில்லா பெரியது. இன்று சென்னையோடு ஒட்டிக் கிடக்கும் அம்பத்தூரும், ஆவடியும், பூந்தமல்லியும் அந்தக் காலத்தில் அதே ஜில்லாவில்தான் இருந்தன. அந்த ஜில்லாவில் மொறப்பாக்கம் என்று ஒரு கிராமம். பதிவேடுகளின்படி அங்கே 1909-ம் ஆண்டு ஜூன் 6-ந் தேதி கோபாலன் பிறந்தார். பெயருக்கு முன்னால் இருக்கும் "எம்" என்ற எழுத்து அந்த ஊரைத்தான் குறிக்கிறது.

அவர் சிறு பையனாக இருந்தபோதே குடும்பம் சென்னைக்கு வந்து திருவல்லிக்கேணியில் குடியேறியது.

அந்த இடமாற்றம் அவருடைய தலையெழுத்தையே மாற்றியது என்று சொல்லலாம். திருவல்லிக்கேணியில் இருந்து சேப்பாக்கம் மைதானம் நடந்து போகும் தூரம். ஒரு பக்கம் கடற்கரை. இன்னொரு பக்கம் பார்த்தசாரதி கோயில். நடுவில் உள்ள தெருக்களில் எல்லாம் கிரிக்கெட் பேச்சு.

ஆனால் சேப்பாக்கம் மைதானம் அன்று எல்லோருக்கும் பொதுவானது அல்ல. 1846-ல் தொடங்கிய சென்னை கிரிக்கெட் கிளப் வெள்ளைக்காரர்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. அங்கே ஆட வரும் இந்தியர்கள் கட்டடத்துக்குள் போய் உட்கார முடியாது. மரத்தடியில்தான் சாப்பிட வேண்டும்.

இதைப் பொறுக்காமல் புச்சிபாபு நாயுடு என்ற செல்வந்தர் 1888-ல் இந்தியர்களுக்காகத் தனி கிளப் ஒன்றைத் தொடங்கினார். மைதானம் அமைத்தார். இளைஞர்களைக் கூட்டி ஆட வைத்தார். வெள்ளைக்காரர்களுக்கும் இந்தியர்களுக்கும் ஆண்டுதோறும் ஒரு பெரிய ஆட்டம் நடக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அது நிறைவேறும் முன்பே 1908-ல் அவர் இறந்துவிட்டார். அவர் விரும்பிய ஆட்டம் பிறகு பொங்கல் தோறும் சேப்பாக்கத்தில் நடக்கலாயிற்று. ஜனங்கள் அதைப் "பொங்கல் மாட்ச்" என்று அழைத்தார்கள்.

துரையின் கண்

அந்த நாளில் சென்னையில் ஜான்ஸ்டன் என்று ஒரு வெள்ளைக்காரர் இருந்தார். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்காகவும், கென்ட் அணிக்காகவும் ஆடியவர். பர்மா ஷெல் எண்ணெய்க் கம்பெனியில் அதிகாரி. பொங்கல் மாட்சில் வெள்ளைக்காரர் அணிக்கு ஆடுபவர்.

அவர் கண்ணில் கோபாலன் பட்டார்.

ஓர் இளைஞனைப் பார்த்து, இவன் பெரிய ஆட்டக்காரனாக வருவான் என்று சொல்வது எளிதா? எளிதே அல்ல. உள்ளூர் ஆட்டத்தில் ஒரு பையன் ஏழு விக்கெட் எடுத்துவிடலாம். எதிரே நின்றவர்கள் ஆடத் தெரியாதவர்களாக இருந்தால் அந்த ஏழுக்கு என்ன மதிப்பு? இன்னொரு பையன் ஒரே ஒரு விக்கெட்தான் எடுத்திருப்பான். ஆனால் அவன் வீசிய பந்துகள் நல்ல ஆட்டக்காரனையே திணற அடித்திருக்கும். கணக்குப் புத்தகத்தில் முதல் பையன் மேலே இருப்பான். பார்க்கத் தெரிந்த கண்ணுக்கோ இரண்டாவது பையன்தான் தெரிவான்.

வேகப் பந்து வீச்சாளனிடம் என்ன பார்க்க வேண்டும்? ஓடி வரும்போது தடுமாற்றம் இருக்கிறதா? தோளில் வலு இருக்கிறதா? பந்து காற்றில் வளைகிறதா? காலையில் வீசிய வேகம் சாயங்காலமும் இருக்கிறதா? இவற்றோடு முக்கியமான இன்னொன்று: அடி வாங்கிய பிறகு அடுத்த பந்தை எப்படி வீசுகிறான்? முகம் சுளித்து வீசுகிறானா, யோசித்து வீசுகிறானா?

கோபாலனிடம் வேகம் இருந்தது. பந்தை வளைக்கும் வித்தை இருந்தது. மட்டையைப் பிடித்தால் ஓங்கி அடிக்கத் தெரிந்தது. பந்தைத் தடுப்பதிலும் சுறுசுறுப்பு.

ஜான்ஸ்டன் பாராட்டிவிட்டுப் போய்விடவில்லை. பர்மா ஷெல் கம்பெனியில் கோபாலனுக்கு வேலை கிடைக்க ஏற்பாடு செய்தார்.

இதைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. அந்தக் காலத்தில் கிரிக்கெட் ஆடினால் பணம் வராது. ஏழை, நடுத்தரக் குடும்பத்துப் பையன்கள் படிப்பு முடிந்ததும் ஆட்டத்தை மூட்டை கட்டிவிட்டுப் பிழைப்பைத் தேடிப் போவார்கள். எத்தனையோ திறமைகள் இப்படி மறைந்து போயின. திறமையைக் கண்டு பிடித்தால் மட்டும் போதாது. அது வளரும் வரை சோறும் வேண்டும். கோபாலனுக்கு இரண்டும் கிடைத்தன.

1926-27 பருவத்தில் கோபாலன் பெரிய ஆட்டங்களில் இறங்கினார். அப்போது வயது 17. பொங்கல் மாட்சில் இந்தியர் அணிக்கு அவர் தொடர்ந்து கால் நூற்றாண்டு ஆடினார். இதில் ஒரு வேடிக்கை. அவரைக் கண்டுபிடித்த ஜான்ஸ்டன் எதிர் அணியில்! தான் தூக்கிவிட்ட பையனின் பந்தைத் தானே சந்திக்க வேண்டியதாயிற்று.

சாய்ந்தது ஹாப்சின் விக்கெட்

1930-31 பருவத்தில் விஜயநகரம் ராஜகுமாரர் ஒரு பெரிய அணியைத் திரட்டிக் கொண்டு ஊர் ஊராக ஆடி வந்தார். பணத்துக்குக் குறைவில்லாதவர். இங்கிலாந்தில் இருந்து ஜாக் ஹாப்ஸ், சட்கிளிஃப் என்ற இரண்டு மாமேதைகளை அழைத்து வந்திருந்தார்.

ஹாப்ஸ் என்றால் சாதாரண ஆளா? முதல் தர ஆட்டங்களில் அவர் அடித்த ரன்கள் 61,000-க்கும் மேல். அந்தக் கணக்கை இன்று வரை எவரும் தாண்டவில்லை.

அந்த அணி சென்னைக்கு வந்தது. கோபாலன் வீசிய பந்தில் ஹாப்சின் விக்கெட் சாய்ந்தது!

உள்ளூரில் எத்தனை விக்கெட் எடுத்தாலும் சந்தேகப்படுவோர் இருப்பார்கள். ஹாப்சை வீழ்த்திய பிறகு சந்தேகம் ஏது? கோபாலன் பெயர் சென்னையைத் தாண்டிப் பரவியது.

அந்த அணியின் சொந்தக்காரரான விஜயநகரம் ராஜகுமாரர் மறுபடியும் இந்தக் கதையில் வருவார்.

ஒரே ஒரு டெஸ்ட்

1933-ம் ஆண்டு இறுதியில் இங்கிலாந்து அணி இந்தியாவுக்கு வந்தது. அதன் தலைவர் ஜார்டைன். இந்திய மண்ணில் நடந்த முதல் டெஸ்ட் தொடர் அதுதான். இந்திய அணிக்கு சி.கே.நாயுடு தலைவர்.

இரண்டாவது டெஸ்ட் 1934 ஜனவரி 5-ந் தேதி கல்கத்தாவில் தொடங்கியது. அதில் கோபாலனுக்கு இடம் கிடைத்தது. முஷ்டாக் அலி, சி.எஸ்.நாயுடு ஆகியோருக்கும் அதுவே முதல் டெஸ்ட். கோபாலன் ஒரு விக்கெட் எடுத்தார். இரண்டு இன்னிங்சிலும் சேர்த்து 18 ரன் எடுத்தார். ஆட்டம் வெற்றி தோல்வி இல்லாமல் முடிந்தது.

அடுத்த டெஸ்ட் சென்னையில்! சேப்பாக்கத்தில் நடந்த முதல் டெஸ்ட் அதுவே. 1934 பிப்ரவரி 10-ந் தேதி தொடங்கியது. தான் வளர்ந்த மைதானம், தன் ஊர் ஜனங்கள். ஆனால் ஆடிய பதினொருவரில் கோபாலன் இல்லை.

அந்தக் காலத்தில் இந்தியாவுக்கு முகமது நிசார், அமர் சிங் என்ற இரண்டு பெரிய வேகப் பந்து வீச்சாளர்கள் இருந்தார்கள். அவர்களைத் தாண்டி மூன்றாவது ஆளுக்கு இடம் கிடைப்பது கடினம். ஆண்டுக்கு ஒரு டெஸ்ட் கூட நடக்காத காலம் வேறு. ஒரு வாய்ப்பு நழுவினால் அடுத்தது இரண்டு மூன்று ஆண்டு கழித்துத்தான்.

சரித்திரத்தின் முதல் பந்து

அதே 1934-ம் ஆண்டு நவம்பர் 4-ந் தேதி, அதே சேப்பாக்கத்தில் கோபாலனுக்கு யாராலும் பறிக்க முடியாத ஒரு பெருமை கிடைத்தது.

இந்திய மாகாணங்களுக்கு இடையே நடக்கும் ரஞ்சி கோப்பைப் போட்டி அன்றுதான் தொடங்கியது. முதல் ஆட்டம் சென்னைக்கும் மைசூருக்கும். சென்னை அணித் தலைவர் ஜான்ஸ்டன். முதல் பந்தை வீசும்படி கோபாலனிடம் கொடுத்தார்.

இன்று வரை ரஞ்சி கோப்பையில் எத்தனையோ லட்சம் பந்துகள் வீசப்பட்டுவிட்டன. அவற்றில் முதல் பந்து கோபாலன் கையில் இருந்து புறப்பட்டது.

அந்த ஆட்டம் ஒரே நாளில் முடிந்துவிட்டது! மைசூர் 48 ரன். சென்னை 130 ரன். மறுபடி மைசூர் 59 ரன். சென்னைக்கு ஓர் இன்னிங்ஸ், 23 ரன் வித்தியாசத்தில் வெற்றி.

அன்று 11 விக்கெட் எடுத்தவர் ஏ.ஜி.ராம்சிங். அத்தனை திறமை இருந்தும் அவருக்குக் கடைசி வரை ஒரு டெஸ்ட் கூடக் கிடைக்கவில்லை. அவருடைய மகன் கிருபால் சிங் 1955-ல் தன் முதல் டெஸ்டிலேயே 100 ரன் அடித்தார். இன்னொரு மகன் மில்கா சிங்கும் இந்தியாவுக்காக ஆடினார். தகப்பனுக்கு மூடிய கதவு பிள்ளைகளுக்குத் திறந்தது. ஆளைத் தேர்ந்தெடுப்பவர்களின் கண் எப்போதும் சரியாகப் பார்ப்பதில்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

கையில் ஹாக்கிக் கோல்

கிரிக்கெட் ஒரு பக்கம் இருக்கட்டும். கோபாலன் ஹாக்கியிலும் புலி.

1935-ம் ஆண்டு இந்திய ஹாக்கி அணி நியூசிலாந்து, ஆஸ்திரேலியா நாடுகளுக்குச் சென்றது. தலைவர் தியான் சந்த். அந்த அணியில் கோபாலனும் ஒருவர்.

அந்தப் பயணத்தில் இந்திய அணி 48 ஆட்டங்கள் ஆடியது. போட்ட கோல்கள் 584! தியான் சந்த் மட்டும் 201 கோல் போட்டார். ஆஸ்திரேலியாவில் அடிலெய்ட் நகரில் கிரிக்கெட் மேதை பிராட்மன் அந்த அணியைச் சந்தித்தார்.

ஊர் திரும்பும்போது கோபாலன் டெஸ்ட் கிரிக்கெட்டும் ஆடியவர். இந்திய ஹாக்கி அணிக்கும் ஆடியவர். வயது 26. உடம்பில் வலு இருந்தது. அடுத்த ஆண்டு ஒலிம்பிக்.

1936 ஆகஸ்டு 15

அப்போதுதான் அந்த இரண்டு பாதைகளும் எதிரே வந்து நின்றன. கோபாலன் கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். இங்கிலாந்துக் கப்பலில் ஏறினார்.

இந்திய அணிக்குத் தலைவர் யார் தெரியுமா? விஜயநகரம் ராஜகுமாரர்! ஆட்டத் திறமையைவிடச் செல்வாக்கினால் அந்தப் பதவிக்கு வந்தவர். அவரிடம் அணி பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆட்டக்காரர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். நன்றாக ஆடிக்கொண்டிருந்த அமர்நாத், முதல் டெஸ்டுக்கு முன்பே ஒழுங்கு நடவடிக்கை என்ற பெயரில் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். பிறகு நடந்த விசாரணை அமர்நாத் பக்கம் நியாயம் இருப்பதாகக் கூறியது.

இந்தக் குழப்பத்தில் கோபாலன் பாடு என்ன ஆயிற்று? சில்லறை ஆட்டங்கள் சிலவற்றில்தான் இடம் கிடைத்தது. மூன்று டெஸ்டில் ஒன்றில்கூட அவரைச் சேர்க்கவில்லை. ஹாப்சை அவர் வீழ்த்தியது தலைவரின் சொந்த அணிக்கு எதிரே. அது கூட அவருக்குத் துணை நிற்கவில்லை.

அதே அணியில் சென்னையைச் சேர்ந்த இன்னொருவர் இருந்தார். கோட்டா ராமசாமி. மேலே சொன்ன புச்சிபாபுவின் மகன். அவரும் இரண்டு ஆட்டங்களில் கெட்டிக்காரர். டென்னிசில் இந்தியாவுக்காக டேவிஸ் கோப்பை ஆடியவர். 40-வது வயதில் மான்செஸ்டரில் முதல் டெஸ்ட் ஆடி, 40 ரன்னும் 60 ரன்னும் எடுத்தார். ஒரே ஊர், ஒரே கப்பல். ஒருவருக்கு வாய்ப்பு வந்தது, மற்றவருக்கு வரவில்லை.

ஆகஸ்டு 15-ந் தேதி லண்டன் ஓவல் மைதானத்தில் கடைசி டெஸ்ட் தொடங்கியது. கோபாலன் ஆட்டத்தில் இல்லை.

அதே ஆகஸ்டு 15-ந் தேதி பெர்லினில் ஹாக்கி இறுதி ஆட்டம்! முந்திய நாள் நடக்க வேண்டியது. மழையினால் தள்ளிப் போயிருந்தது. இந்தியா 8 கோல். ஜெர்மனி 1 கோல். தியான் சந்தும் தோழர்களும் தங்கப் பதக்கம் பெற்றார்கள். முந்திய ஆண்டு கோபாலனுடன் அதே அணியில் ஓடியவர் தியான் சந்த்!

இந்தியக் கிரிக்கெட் அணி ஓவலில் 9 விக்கெட் வித்தியாசத்தில் தோற்றது. மூன்று டெஸ்டில் இரண்டில் தோல்வி, ஒன்று சமம்.

கோபாலன் கையில் பதக்கமும் இல்லை. இன்னொரு டெஸ்டும் இல்லை.

அவர் செய்தது தவறா? அப்படிச் சொல்லிவிட முடியாது. கப்பல் ஏறும் நாளில் முடிவு யாருக்குத் தெரியும்? பெர்லினுக்குப் போயிருந்தால் பதினொருவரில் ஒருவராக ஆடியிருப்பாரா என்பதற்கும் உறுதிச் சீட்டு எதுவும் கிடையாது. அவர் தன் ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்தார். ஆனால் அவரைத் தேர்ந்தெடுக்க வேண்டியவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை.

அதற்குப் பிறகு உலகப் போர் வந்தது. 1940, 1944 ஒலிம்பிக் பந்தயங்கள் நடக்கவில்லை. இந்தியா மறுபடி டெஸ்ட் ஆட 1946 ஆயிற்று. அதற்குள் கோபாலனுக்கு வயது 37. வேகப் பந்து வீச்சாளருக்கு அது மாலை நேரம்.

தேர்ந்தெடுக்கும் நாற்காலி

டெஸ்ட் கிடைக்கவில்லை என்று கோபாலன் மூலையில் உட்கார்ந்துவிடவில்லை. சென்னைக்காக ரஞ்சி கோப்பையில் தொடர்ந்து ஆடினார். அணிக்குத் தலைமை தாங்கினார்.

அவருடைய கால் நூற்றாண்டு உழைப்பைக் கௌரவிக்க, சென்னைக்கும் இலங்கைக்கும் இடையே 1952-53 பருவத்தில் ஒரு போட்டி தொடங்கியது. கோபாலன் கோப்பை என்று பெயர். உயிரோடு இருக்கும்போதே ஒருவர் பெயரில் கோப்பை! சில ஆண்டு சென்னையிலும், சில ஆண்டு இலங்கையிலுமாக 1970-களின் நடுப்பகுதி வரை அது நடந்தது.

அன்று இலங்கைக்கு டெஸ்ட் ஆடும் தகுதி கிடையாது. 1981-ல்தான் அது கிடைத்தது. அதனால் இலங்கை இளைஞர்களுக்குத் தங்கள் திறமையை வெளியே காட்ட இருந்த சில மேடைகளில் கோபாலன் கோப்பை ஒன்று. சென்னை இளைஞர்களுக்கும் அப்படியே. வாய்ப்பு நழுவிய ஒருவரின் பெயரில், வாய்ப்பைத் தேடும் இளைஞர்களுக்கு ஓர் இடம் கிடைத்தது.

1950-களில் கோபாலனுக்கு இன்னொரு பொறுப்பும் வந்தது. இந்திய அணியைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் அவர் உறுப்பினர் ஆனார்.

ஜான்ஸ்டன் ஒரு காலத்தில் அவரைப் பார்த்த இடத்தில் இப்போது அவர். மைதானத்தில் ஓடும் இளைஞர்களை அவர் பார்க்க வேண்டும். இவன் தேறுவான், இவன் தேறமாட்டான் என்று முடிவு சொல்ல வேண்டும். ஒரு பெயரை எழுதினால் ஒரு வீட்டில் விளக்கு எரியும். அதே பெயரை அடித்தால் அந்த வீட்டில் இருள்.

நாற்காலியில் உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோருக்கு எழுதும் பக்கம் மட்டும்தான் தெரியும். கோபாலனுக்கு இரண்டு பக்கமும் தெரியும். சொந்த ஊர் டெஸ்டில் பெயர் இல்லாமல் போவது எப்படி இருக்கும் என்பது அவருக்கு அனுபவப் பாடம்.

நிலைத்த பெயர்

கோபாலன் நீண்ட ஆயுள் பெற்றார். 2003-ம் ஆண்டு டிசம்பர் 21-ந் தேதி சென்னையில் காலமானார். வயது 94. அப்போது உலகில் உயிரோடு இருந்த டெஸ்ட் ஆட்டக்காரர்களிலேயே மூத்தவர் அவர்தான்.

சேப்பாக்கம் மைதானத்தின் ஒரு வாசலுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. இந்தியர்கள் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்ட இடத்தில், மொறப்பாக்கத்துப் பிள்ளையின் பெயர் வாசலில் ஏறியது!

ஆவடியிலும், அம்பத்தூரிலும், பூந்தமல்லியிலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் காலி மனை கண்ட இடமெல்லாம் சிறுவர்கள் பந்து வீசுகிறார்கள். செங்கல்லோ கட்டையோ அவர்களுக்கு விக்கெட். அவர்களில் எவன் பெரிய ஆட்டக்காரன் ஆவான் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் வழியில் போகிற பெரியவர் ஒருவர் கொஞ்சம் நின்று பார்க்கலாம். நன்றாக வீசுகிற பையனைக் கூப்பிட்டு அவன் பெயரைக் கேட்கலாம். ஏதாவது ஒரு கிளப்புக்கு அழைத்துப் போகலாம்.

கோபாலனின் கதையும் அப்படித்தான் தொடங்கியது.